லாலான் அடைத்த கன்று

அந்த அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவருடைய வலது கை தோள்பட்டை வரைக்கும் ஒரு பசுமாட்டின் தொண்டைக்குள் இருந்தது.

மலாய் நாட்டு மூவார் ஆற்றங்கரையில், படகுத்துறைக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் அது நடந்தது. மாடு மரவள்ளிக்கிழங்கை முழுசாக விழுங்கிவிட்டு, கண் பிதுங்க, நாக்குத் தள்ள நின்றது. சுற்றிலும் இருபது பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் மூட்டை முடிச்சோடு அந்தப் பக்கம் வந்தவர்கள், வேடிக்கை பார்க்க நின்றோம்.

"ஏ புள்ள! சும்மா நிக்கிறவ! வந்து மேல்தாடையப் புடி!"

என்னைத்தான் சொல்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் பிடித்தேன். மாட்டின் எச்சில் முழங்கை வரை வழிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கூசாத. கூசுறதுக்கு இப்ப நேரமில்ல. இறுக்கிப் புடி."

கிழங்கு வெளியே வந்தது, ரத்தமும் சளியுமாக. அந்த அம்மா அதைத் தன் சேலையிலேயே துடைத்தார், இடுப்பிலிருந்த சின்னக் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கினார், அதே மாட்டின் வாயிலேயே மறுபடி ஊட்டினார். கூட்டம் வாயைப் பிளந்தது. நானும்தான். உயிர் போய் உயிர் வந்த மாட்டுக்கு அதே கிழங்கை ஊட்டுகிற மனுஷி எப்படிப்பட்டவராக இருப்பார் என்று எனக்குத் திக்கென்றது.

"எந்தத் தோட்டம்? ஆள் கொறச்சிட்டாங்களா?" என்றார் கையைக் கழுவிக்கொண்டே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்மா?"

"மூட்டையோட ஆத்தங்கரையில நிக்கிறவங்க வேற எதுக்கு நிக்கிறாங்க, சொல்லு?"

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு பேர் பேராக வாசித்தார், பாதிப் பட்டியல் தாண்டி எங்கள் பேரும் வந்தது. வேலை இல்லாமல் ஊரில் திரிகிறவர்களைப் பிடித்து அடுத்த கப்பலில் இந்தியாவுக்கு ஏற்றிவிடுகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அவர் பத்து வயதில் அங்கிருந்து வந்தவர், அண்ணன் வீடு இருக்கிறது. நான் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். இந்தியாவை என் கண்ணால் பார்த்தது கிடையாது. என் அம்மாவையும் அப்பாவையும் புதைத்த இடம் அந்த ரப்பர் மரங்களுக்கு நடுவில்தான் இருந்தது. அவருடைய அண்ணி ஒருத்திக்குப் பயந்துகொண்டு, தெரியாத ஊரில், தெரியாத அடுப்படியில் போய் உட்கார எனக்கு மனசே வரவில்லை.

அந்த அம்மாவுக்குப் பேர் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் அவர் பால்காரம்மா. ஒரு தடவை கேட்டேன். "என் மாடு பன்னெண்டுக்கும் பேரு இருக்கு. அதுல ஒண்ண எனக்கு வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொந்த ஊர் கேட்டால் ஒரு நாள் தஞ்சாவூர்ப் பக்கம் என்பார், இன்னொரு நாள் சேலம் என்பார். அதை வைத்து நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன். "உங்க ஊரு ரயில்ல ஏறி ஓடுதாம்மா?" என்று கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

புருஷன் எப்போதோ செத்துப்போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. ஆற்றோரமாக அத்தாப்பு ஓலை வேய்ந்த நீளமான கொட்டகை, பன்னிரண்டு மாடு, ஊரில் நாற்பது வீட்டுக்குப் பால். ஒண்டிக்கட்டை மனுஷி இதையெல்லாம் கட்டி ஆண்டதே எனக்கு ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், புதுசாகப் பிழைக்க வருகிறவர்களை அவர் பிடித்துக்கொண்ட விதம். பிடித்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கோழி அமுக்குகிற மாதிரி அமுக்கிக் கொண்டுபோய் ஒரு தொழிலில் உட்கார வைத்துவிடுவார்.

பணம் மட்டும் தரமாட்டார்.

"பணம் குடுத்தா அரிசி வாங்கித் தின்னுருவீங்க. மாட்டத் தின்ன முடியாதுல்ல" என்பார்.

எங்களுக்கு அவர் கொடுத்தது ஒரு சினைமாடு. வாரத்துக்கு. வாரம் என்றால், மாடு அவருடையது, வளர்ப்பது நாங்கள். கறக்கிற பாலெல்லாம் எங்களுக்கு. முதல் ஈற்றில் பிறக்கும் கன்று அவருக்கு, இரண்டாவது ஈற்றின் கன்று எங்களுக்கு. எழுத்து ஒன்றும் கிடையாது. மாட்டின் கொம்பில் மஞ்சள் தடவி, கயிற்றை என் கையில் கொடுத்தார். அதுதான் பத்திரம். கொட்டகையின் கடைசியில் ஒரு மூலையையும் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். மாடு ஈனும் வரைக்கும் அவருடைய மாடுகளுக்குப் புல் அறுத்தோம், அவர் அரிசி தந்தார்.

எங்களுக்கு மட்டும் அல்ல. படகுத்துறையில் மீன்காரன் ஒருவன் செத்தபோது, அவன் பெண்டாட்டி, மலாய்க்காரி, இரண்டு நாள் அழுதுகொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் இந்த அம்மா போய்த் தன் சொந்த இரும்புச் சட்டியை அவள் வாசலில் வைத்து, அடுப்பு மூட்டி, வாழைப்பழத்தை மாவில் தோய்த்து அவரே பொரிக்க ஆரம்பித்துவிட்டார். துக்க வீட்டு வாசலில்! மலாய்க்காரர்கள் கோபித்துக்கொண்டு வந்தார்கள். இவர் அசையவில்லை. "பீசாங் கோரேங், பீசாங் கோரேங்" என்று தெருவைப் பார்த்துக் கூவினார். அன்று சாயங்காலம் அந்தப் பெண் எழுந்து வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். இவர் பொரிக்கிற லட்சணம் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷம் அவள் அங்கே பொரித்து விற்றாள்.

என் வீட்டுக்காரர் கூச்சக்காரர். தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டினவருக்கு ஊருக்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது கௌரவக் குறைச்சல். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? இன்னும் ஈனாத சினைமாட்டை அவர் கையில் கொடுத்து, தான் முன்னால் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவரிடம் பால் வாங்கிக்கொண்டிருந்த நல்ல வீடுகளாக நாலு வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இந்த வயித்தப் பாத்துக்குங்க. இன்னும் இருவது நாள்ல ஈனும். இனிமே ஒங்களுக்கு இந்தத் தம்பிதான் பாலு. வாசல்லயே கறந்து குடுக்கும். என் பாலவிட நல்லாருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வாடிக்கையைத் தானே தூக்கி இன்னொருத்தனுக்குக் கொடுக்கிற வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாடு அந்த நேரம் பார்த்து வாசலில் சாணம் போட்டது. அந்த அம்மா அதை இரண்டு கையாலும் அள்ளி வேலியோரம் வீசிவிட்டு, "பாத்தீங்களா, வயிறு சுத்தமா இருக்கு" என்றார்.

அந்த நாலு வீட்டில் பெரிய வீடு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அரசாங்க கிளார்க்குடையது. அந்த வீட்டம்மா தங்கச் சங்கிலியும் வெள்ளைச் சேலையுமாக வாசலுக்கு வந்து மாட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"கண்டு போட்டவுடன கடும்புப்பால் கொண்டு வா பிள்ளை. இஞ்ச வந்தாப்பிறகு அதைக் கண்ணாலயும் காணேல்லை" என்றார் என்னிடம்.

அவர்கள் கடும்புப்பால் என்பது நாம் சொல்லும் சீம்பால்தான், கன்று ஈன்றவுடன் கறக்கும் முதல் பால்.

நகரசபை ஆள் கொட்டகையைப் பார்க்க வந்த கதையும் உண்டு. பால் விற்க சூராட் வேண்டும். அந்த அனுமதிக் காகிதம் இல்லாவிட்டால் மாட்டையே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வந்தவர் சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எங்கள் மூலையைப் பார்த்தார். தரை அழுக்கு என்றார், சூராட் தர முடியாது என்றார். என் வீட்டுக்காரர் கும்பிட்டார். நான் அழத் தயாராக நின்றேன். அந்த அம்மா அந்தத் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார். இரண்டு மாட்டுக் காலுக்கு நடுவில், கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு!

"துரை, நீங்க எழுதிக் குடுக்குற வரைக்கும் நான் இங்கதான் படுத்திருப்பேன். அழுக்கா இருந்தா என் சேலையில ஒட்டும். அப்பறமா பாத்துக்குங்க."

அந்த ஆள் வெலவெலத்துப்போனார். எழுந்து நின்ற அம்மாவின் முதுகை மூன்று தடவை சுற்றிப் பார்த்தார். நாங்கள் காலையில்தான் தரையைக் கழுவியிருந்தோம். ஒரு கறை இல்லை. அங்கேயே நின்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா என்னைப் பார்த்து, "நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு புள்ள" என்றார். அவருக்கும் நெஞ்சு அடிக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாடு ஒரு காலையில் ஈன்றது. கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளை. அந்த அம்மா வந்து நஞ்சுக்கொடி விழும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: "மூணு நாளைக்குச் சீம்பாலு பூராவும் கன்னுக்குத்தான். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. ஊருக்கெல்லாம் அப்பறம்."

சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் வேறு ஓடியது. இதை எழுதுவதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதல் கன்று அவருடையது அல்லவா, வாரத்துப்படி? அதனால்தான் தன் கன்றுக்கே எல்லாப் பாலும் போகவேண்டும் என்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அந்தக் கன்றால் என்ன லாபம்? நாலு வீட்டு வாடிக்கைதான் எனக்கு லாபம். புது வியாபாரம், முதல் நாளே அவர்கள் மனம் குளிரவேண்டும். மூன்று நாள் சீம்பாலையும் ஒட்டக் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டு, திரட்டி, நாலு வீட்டுக்கும் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தேன். கிளார்க் வீட்டம்மா நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிட்டார். நான் பெரிய கெட்டிக்காரி என்று நடந்து வந்தேன்.

கன்று ஐந்தாம் நாள் வயிற்றால் கழிய ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் விடியும்போது செத்துக் கிடந்தது.

தோட்டத்தில் வளர்ந்த எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கன்று செத்தால் தாய் மடியை இறுக்கிக்கொள்ளும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி உட்கார்ந்தோம். உதைத்தது. கத்தியது. ஒரு சொட்டு இறங்கவில்லை. நாலு வீட்டுக்கும் காலைப் பால் போகவில்லை. கிளார்க் வீட்டிலிருந்து வேலைக்காரி வந்து, நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கண்ணுக்கு முன்னால் கப்பல் வந்து நின்றது.

அதற்கு வழி இல்லாமல் இல்லை, என் வீட்டுக்காரர் சின்ன வயதில் ஊரில் பார்த்திருந்தார். செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, தாயின் முகத்துக்கு நேரே நிறுத்தினால் அது நக்கிக்கொண்டு பால் விடும். பால்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தோலை உரிப்பது யார்? எங்கள் தோட்டத்தில் லயங்கள் இரண்டு பக்கமாக இருந்தன. கிழக்கு லயம் எங்களுக்கு. மேற்கு லயம், இந்தியாவில் செத்த மாட்டைத் தூக்குவதும் தோல் உரிப்பதும் தொழிலாக இருந்த சனங்களுக்கு. மரம் வெட்டப் போகும்போது ஒரே நிரையில்தான் நிற்போம், தண்ணீர்க் குழாய் மட்டும் வேறு வேறு. மூவாரில் அந்த வேலைக்கு ஒரு ஆள் இருந்தான். என் வீட்டுக்காரர் அவனைத் தேடி ஓடினார். அவன் போன மாதமே குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டானாம். வேறு ஆள் இல்லை. திரும்புகிற வழியில், ஊருக்குள் பால் ஊற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் வந்தார். கன்றைப் பார்த்தார். மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"சீம்பால எங்க குடுத்த?"

நான் பொய் சொல்லவில்லை. சொல்லி முடிப்பதற்குள் என் கன்னத்தில் பளாரென்று ஒரு அறை விழுந்தது. காது ரீங்கரித்தது. அவர் யாரையும் கை நீட்டி நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டு அவருக்கே மூச்சு வாங்கியது.

"தம்பி, நீ போயி காஞ்ச லாலான் புல்லு ரெண்டு கட்டு அறுத்துட்டு வா. இந்த ஊர்ல வைக்கோலுக்கு எங்க போறது. போ, நிக்காத" என்று என் வீட்டுக்காரரை அனுப்பினார். பிறகு என்னிடம், "கல்லக் கொண்டா. உப்பும் சாம்பலும் எடுத்து வை."

இடுப்புக் கத்தியைக் கல்லில் தீட்டினார். கன்றை மல்லாக்கத் திருப்பினார். தாடையிலிருந்து வால் வரை ஒரே கோடு. அதற்குப் பிறகு கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவில் விட்டுத் தள்ளினார். தள்ளத் தள்ளத் தோல் பிரிந்து வந்தது. கால் மடிப்பில் ஒரு சுற்று, காதடியில் ஒரு சுற்று. நான் ஒரு பானை தண்ணீர் மொண்டு வருவதற்குள் பாதி முடிந்துவிட்டது. தோலில் ஒரு ஓட்டை கிடையாது. பார்த்துப் பழகிய கை அல்ல அது, பிறந்ததிலிருந்து செய்த கை.

"எங்கப்பாவுக்கு இதவிட வேகமா வரும்" என்றார், தலை நிமிராமல்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எத்தனை நாள் அந்த அம்மா வீட்டு மோர் குடித்திருக்கிறேன், அவர் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனுஷி தன் வாழ்நாள் முழுவதும் மூடி வைத்ததைத் திறந்துகொண்டிருக்கிறார், நான் வாந்தி எடுக்கிறேன். திரும்பி வந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது எனக்குச் சத்தியம் ஒன்று இருந்திருக்கும்.

"கூசாத. கோணி ஊசியக் கொண்டா" என்றார். அவ்வளவுதான்.

உப்பும் சாம்பலும் தடவி, புகையில் வாட்டி, லாலான் புல்லைத் திணித்துத் தைத்தோம். கால்களுக்குக் குச்சி. பார்க்கச் சகிக்காத ஒரு கன்று. மறுநாள் காலையில் அதைத் தாய்க்கு முன்னால் நிறுத்தியபோது, அது மோந்து பார்த்தது, ஒரு குரல் கத்தியது, பிறகு நெற்றியிலிருந்த வெள்ளையை நக்க ஆரம்பித்தது. மடி இளகிப் பால் இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. அந்த அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "ஓட்டிட்டுப் போ. அந்த நாலு வீடும் காத்துக்கிட்டிருக்கும்."

என் வீட்டுக்காரர் மாட்டை ஓட்டினார், நான் அந்தத் தோல் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். முதல் வீடு கிளார்க் வீடு. வீட்டம்மா செம்போடு வந்தார். கன்றைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"உது செத்த கண்டெல்லோ? தோலை ஆர் உரிச்சது?"

"ஆளு வந்து உரிச்சாரும்மா."

"பொய் சொல்லாதை பிள்ளை. அவன் போன மாசமே கப்பல் ஏறிப் போட்டான், எனக்குத் தெரியும். அப்ப நீயோ உரிச்சனீ?"

தோல் கன்றை மறு தோளுக்கு மாற்றிப் போட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்தது. அந்த வீடும் போகும், மற்ற மூன்று வீடும் போகும், நாங்கள் கப்பலில் இருப்போம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். புல் அறுக்கப் போன அவருக்கு எதுவும் தெரியாது.

"உண்மையைச் சொல்லு. சொல்லாட்டி நாளையில இருந்து பால் வேண்டாம்."

"பால்காரம்மாதான்" என்றேன்.

எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்பதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு மேல் மிரட்டவில்லை, அடித்து வாங்கவில்லை. நான் கொஞ்சம் அழுதிருக்கலாம், தெரியாது என்று சாதித்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. அதோடும் நிறுத்தவில்லை நான். "ஒரு ஓட்டை விழாம உரிச்சாங்க" என்றும் சொன்னேன். கிளார்க் வீட்டம்மாவின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

"கடவுளே! அவளின்ர கையாலயோ இவ்வளவு காலமும் பால் குடிச்சனாங்கள்!" என்றார்.

அன்று எங்கள் பாலை வாங்கிக்கொண்டார்.

ஒரே வாரத்தில் பால்காரம்மாவிடம் வாங்கிய வீடுகளில் முக்கால்வாசி நின்றுவிட்டது. பால்காரம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள் அவள் இவள் என்று பேசினார்கள். கோயில் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் அவர் கொடுத்துவந்த பாலைத் திருப்பி அனுப்பினார்கள். நின்ற வீடுகளில் பாதி எங்களிடம் வந்தது. நான் வேண்டாம் என்றேனா? இல்லை. கடனுக்கு இன்னும் இரண்டு மாடு பிடித்து, ஒவ்வொரு வீடாக வாங்கிக்கொண்டேன்.

அவர் சண்டைக்கு வருவார் என்று தினமும் எதிர்பார்த்தேன். வரவில்லை. வாரத்து மாட்டையாவது அவிழ்த்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அது அவருடைய மாடு, கயிற்றைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கேட்கவில்லை. கொட்டகையின் கடைசி மூலையில் நாங்கள் கறந்துகொண்டிருந்தோம், மறுகோடியில் அவருடைய மாடுகளை ஒவ்வொன்றாக ஒரு பஞ்சாபிக்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். கடைசி மாடும் போன பிறகு அந்த அம்மா கொட்டகையை விட்டு, படகுத்துறைப் பக்கம், அந்தப் பீசாங் கோரேங் விற்கிற மலாய்க்காரி வீட்டுப் பின்கட்டில் போய் இருந்தார். அவளுக்கு இந்தச் சங்கதி எதுவும் ஒரு பொருட்டாக இல்லை.

கப்பல் பட்டியலில் எங்கள் பேர் வரவே இல்லை. எங்கள் தொழில் நிலைத்து நின்றது, மேலும் வளர்ந்தது, இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. யார் கேட்டாலும் என் வீட்டுக்காரர், "ஒத்த மாட்டுல ஆரம்பிச்சோம்" என்று பெருமையாகச் சொல்வார். யார் கொடுத்த மாடு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் எடுத்துக் கொடுத்ததில்லை.

அந்த அம்மா கொட்டகையை விட்டுப் போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் நான் படகுத்துறைக் கடைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். கூட்டம் நின்றது. கூட்டம் கலையும் வரைக்கும் தள்ளி நின்றுவிட்டு, கடைசியாக அவர் வந்தார். இளைத்திருந்தார். கையில் ஒரு பீங்கான் குவளை.

"அரப் போத்தல் ஊத்து புள்ள. காச்சலா கெடந்தேன். கஞ்சிக்கு."

காலில் விழவேண்டும் என்று தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. பாலை மொண்டேன். குவளைக்கு நேரே கொண்டுபோனேன். என் கை தானாக ஒரு சாண் மேலே போய்விட்டது. தோட்டத்தில் மேற்கு லயத்துச் சனங்களுக்கு என் அம்மா தண்ணீர் ஊற்றும்போது தூக்கிப் பிடிப்பாளே, அதே உயரம். நான் நினைத்துச் செய்யவில்லை. கை போய்விட்டது.

அவர் அதைப் பார்த்தார். எனக்குச் சிரமமாக இருக்கக் கூடாது என்று குவளையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

பால் நீளமாக விழுந்தது. நிறைந்ததும் அவர் முந்தானையிலிருந்து காசை எடுத்தார். என் கையில் தரவில்லை. குனிந்து, எனக்கு முன்னால் மண்ணில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

காசு வேண்டாம் என்று நான் கூப்பிடவில்லை. அவர் கண்ணுக்கு மறையும் வரை நின்றேன். பிறகு குனிந்து, காசின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, எடுத்துக்கொண்டேன்.